காதுக்கு விட்ட மருந்து

ரங்கராஜ் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது திருச்சுழி பஸ் நிறுத்தத்தில். இருபது வருசத்துக்கு மேல் இருக்கும். என் தங்கை தங்கம்மாள் மகள் வேணிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். தரகர் தனுஷ்கோடி வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பையன் பேரு ரங்கராஜு. அருப்புக்கோட்டையில இருக்காரு. பத்திரிகையில வேலை.”

“கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சாபீஸா?” என்று கேட்டாள் தங்கம்மாள்.

“இல்ல தாயி. கட்சிப் பத்திரிகை. எழுதுற வேலை.”

“எழுதுறது ஒரு வேலையா? எங்க வீட்டுச் செவத்துல கூடத்தான் புள்ளைக எழுதுதுக.”

சிரித்துக்கொண்டே கேட்டுவைத்த பெயர் அது. கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் அருப்புக்கோட்டையில் என் வீட்டு மாடிக்குக் குடி வந்தார்கள். எனக்குப் பிள்ளை கிடையாது, வீட்டுக்காரரும் போய்விட்டார், மாடி சும்மா கிடந்தது. அதனால் இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி வேணியும் ரங்கராஜும் சொன்னது.

ஒல்லியான ஆள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டார். ஆனால் அடுத்தவர் பேச்சு அவர் கைக்கு வந்துவிடும். என் தங்கை மூச்சு விடாமல் பேசுவதை அப்படியே எழுதிக் காட்டுவார். தனுஷ்கோடி ஒவ்வொரு பேச்சுக்கும் ‘நான் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன்’ என்று ஆரம்பிப்பதை எழுதிக் காட்டுவார். வேணி அதை வாசிப்பாள், நாங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்போம். அவருக்கென்று ஒரு பேச்சு உண்டா என்று அப்போது நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

அவர் வேலை பார்த்த வாரப் பத்திரிகையின் பெயர் ‘வெற்றிச் சங்கு’. எந்தக் கட்சியுடையது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கதை அந்தப் பக்கம் போய்விடும். ஆசிரியர் ஆனந்தகுமார், கட்சியில் பெரிய இடத்துச் சொந்தக்காரர். அந்தப் பத்திரிகையை வேற்றுக் கட்சிக்காரர்கள்கூட வாங்கிப் படித்தார்கள் என்றால் அது கடைசிப் பக்கத்துக்காகத்தான். ‘சந்தைமேட்டுப் பேச்சு’ என்று போட்டிருக்கும். மேலே ராமசுப்பு படம், கீழே ராமசுப்பு பெயர்.

ராமசுப்பு தறிக்காரக் குடும்பம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டுக்குள் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ். சைக்கிளில் சேலை மூட்டை கட்டிக்கொண்டு பரளச்சி, நரிக்குடி என்று ஊர் ஊராக விற்றவர். அப்படியே கட்சி மேடையில் ஏறிப் பேசவும் ஆரம்பித்தார். தன் கட்சி தப்புச் செய்தாலும் மேடையிலேயே கேட்டுவிடுவார். அதனால் ஒரு பதவியும் வரவில்லை. ஆனால் ராமசுப்பு சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பெண்சாதி இல்லை. சுபத்ரா என்று ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை, பவர்லூம் பட்டறைக்கு வேலைக்குப் போவாள்.

அவருக்கு எழுத வராது. அவர் பேசுவார், ரங்கராஜ் எழுதிக்கொள்வார். எழுதி முடித்ததும் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துக் காட்டாமல் ஒரு வரியும் அச்சுக்குப் போகக் கூடாது என்பது ராமசுப்பு போட்ட சட்டம்.

“இந்த வார்த்தை நான் சொன்னனாய்யா?”

“சொல்லல ஐயா. நல்லா இருக்கும்னு போட்டேன்.”

“நல்லா இருந்தா உன் கல்யாணத்துக்குப் போட்டுக்க. அடி.”

ரங்கராஜ் அந்தச் சொல்லை அடித்துவிடுவார். பதினைந்து வருசம் இப்படித்தான் நடந்தது.

ராமசுப்புவின் பேச்சில் அடிக்கடி வருகிற ஒரு ஆள் பால்பாண்டி. நரிக்குடிக்கு அந்தப் பக்கம் கண்மாய்க்கரை ஊர்க்காரர், வெள்ளாமைக்காரர். சாதி வேறு, கட்சி வேறு. ஆனாலும் இருவரும் ஒருவரை ஒருவர் ‘சம்பந்தி’ என்றுதான் கூப்பிடுவார்கள். இளவட்டமாக இருந்தபோது ஒரு வருசம் மழையே இல்லாமல் போக, அந்த ஊரில் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். சேலை விற்கப் போன ராமசுப்பு, பொண்ணுக் கழுதைக்கு ஒரு சேலையைக் கட்டி, பொண்ணு வீட்டுக்காரராக நின்றுவிட்டார். பால்பாண்டி மாப்பிள்ளை வீடு. மழை பெய்தது. சம்பந்தமும் நின்றுவிட்டது. பால்பாண்டி டவுனுக்கு வந்தால் வாசலில் நின்று, “சம்பந்தி, எங்க வீட்டு மருமக சௌக்கியமா இருக்கா. புல்லுதான் பத்தலங்கிறா” என்று சத்தம் கொடுப்பார். தெருவே சிரிக்கும்.

அந்த மழை மறுவருசமும் பெய்தது. அளவில்லாமல் பெய்தது. அந்த ஐப்பசியில் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கண்மாய் மடையை உடைத்துவிட்டார்கள். தண்ணீர் கீழே ஆட்டுக் கிடைக்குள் புகுந்து ஆடுகள் செத்தன. ஊர் ஆடுகளை மேய்த்துக் கிடைக்குக் காவல் இருந்த கீதாரிதான், ராத்திரி அங்கே இருந்த ஒரே ஆள் என்பதால், உடைத்தான் என்று பழி வந்து, அந்த ஆள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். உடைத்தது பால்பாண்டி. கண்மாய்க்கு மேல்பக்கம் இருந்த தன் வயல் முங்கிவிடும் என்ற பயத்தில் செய்துவிட்டார். இதை அவர் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார், சம்பந்தியிடம். ராமசுப்பு ஒரே ஒருவரிடம் சொன்னார், ரங்கராஜிடம். சொல்லும்போதே, “பேனாவைக் கீழ வையி. இது எழுதுறதுக்கில்ல” என்று சொல்லித்தான் சொன்னாராம்.

நாலு வருசத்துக்கு முந்திய மாசி மாதம், பால் வாங்கப் போன இடத்தில் ராமசுப்பு விழுந்துவிட்டார். ஒரு பக்கம் கையும் காலும் போயிற்று. வாயும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். சுபத்ரா வேலைக்குப் போகிற பகல் நேரத்துக்கு நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து உட்கார்ந்திருப்பேன்.

அந்த வாரம் ரங்கராஜ் கடைசிப் பக்கத்துக்கு வேறு கட்டுரை தேடினார். ஆனந்தகுமார் விடவில்லை.

“எலெக்சன் வருது. ஐயாவோட கடைசிப் பக்கம் வராம நின்னுறக் கூடாது. அவரு நடை உமக்குத் தெரியும்ல? எழுதும்.”

“அவரு சொல்லாம எப்படி சார்?”

“போயி வாசிச்சுக் காட்டுங்க. எப்பவும் அதான வழக்கம்? அவரு வேண்டாம்னா வேண்டாம். நிறுத்திருவோம்.”

இது ரங்கராஜுக்கு நியாயமாகப் பட்டது. அன்றைக்கு எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினார். ராமசுப்பு கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் வாய் கோணிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. விழுந்த நாளிலிருந்து அவரிடமிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

“கா…து.”

“காதா? காது வலிக்குதா ஐயா?”

“காது. காது.”

அவருக்கு வலது காதில் பழைய சீழ்த் தொந்தரவு உண்டு. ரங்கராஜ் ஓடிப்போய் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி வந்தார். தலையைச் சாய்த்துப் பிடித்தது நான்தான். மருந்து விழ விழ அவர் கண் ரங்கராஜையே பார்த்தது. “எரியுதா ஐயா? பொறுங்க, பொறுங்க” என்று சொல்லிப் பஞ்சால் துடைத்தார் ரங்கராஜ்.

பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படியே. எழுதிக்கொண்டு வருவார், வாசிப்பார், காது என்பார் அவர், மருந்து விடுவோம். ‘ஐயா உடல் தேறி வருகிறார், பேச்சு தொடர்கிறது’ என்று பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள். எழுத்தும் மாறிக்கொண்டே வந்தது. கட்சியைத் தட்டிக் கேட்டவர் கட்சிக்குக் கொட்டடிக்க ஆரம்பித்தார். ஜனங்கள் அதையும் நம்பினார்கள். நடை அவருடையதுதானே. அந்த வருசம் முழுக்கப் பேச்சில்லாத மனுசன் கட்டிலில் கிடக்க, அவர் பெயர் டீக்கடை டீக்கடையாகப் பேசிக்கொண்டு திரிந்தது. கஞ்சி கொடுத்துவிட்டு வருகிற வழியில் டீக்கடைப் பெஞ்சில், “ராமசுப்பு என்னமாக் குடுத்திருக்காரு பாத்தியா” என்று யாராவது சொல்வார்கள். அப்போது நான் நடையை எட்டிப் போடுவேன். ஏன் என்று தெரியாது.

ஐப்பசிக்கு முன்னால் பால்பாண்டி ஒரு மனுக் கொடுத்தார். அவர்கள் ஊர்க் கண்மாயில் சவுடு மண் அள்ள உத்தரவு வாங்கிய ஆள், அளவுக்கு மேல் தோண்டிக் கரையையே அரித்துவிட்டார் என்று கலெக்டர் வரைக்கும் போனார். மண் அள்ளியவர் ஆனந்தகுமார் கட்சிக்காரர். ஆனந்தகுமார் ரங்கராஜைக் கூப்பிட்டு, “அந்த பால்பாண்டிக்கு ஐயா பேருல ஒரு பதில் வரணும். வேற யாரு சொன்னாலும் எடுபடாது” என்றாராம்.

ரங்கராஜ் இரண்டு நாள் எழுதாமல் இருந்தார். மூன்றாம் நாள் எழுதினார். ஏன் எழுதினார் என்று அப்புறம் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். “பயம்னு சொன்னா அது பாதிதான் பெரியத்தை. எழுத உக்காந்தேன். அவரு பேச்சு அப்படியே கையில எறங்கிருச்சு. நிறுத்த மனசு வரல” என்றார். எழுதியதை மாடியிலிருந்து எடுத்துவந்து எனக்கு வாசித்தார்.

‘சம்பந்தி, கண்மாய்க் கரையைப் பற்றிப் பேச உமக்கு வாய் இருக்கா? அந்த ஐப்பசியில் மடையை உடைத்த கை யாருடைய கை? கீதாரி ஊரைவிட்டுப் போன அன்றைக்கு, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது யார்? எனக்குத் தெரியும் சம்பந்தி, உமக்கும் தெரியும்.’

“ஐயாவே பேசுற மாதிரி இருக்குல்ல?” என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. மடைக் கதை நிசமென்று எனக்கு அப்போது தெரியாது. கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் ஏசுவதில் ஒன்று என்று நினைத்து, “அச்சு அசல்” என்று சொல்லிவிட்டேன்.

முன்பெல்லாம் சம்பந்தி என்று ராமசுப்பு சொன்னால், ‘முறைப்பேச்சு அச்சுக்கு ஆகாது’ என்று ஆனந்தகுமார் அதை நண்பர் என்று மாற்றிவிடுவார், ராமசுப்புவும் அது ஒன்றை விட்டுக்கொடுத்திருந்தார். இந்தத் தடவை ரங்கராஜ் கேட்டுக்கொள்ள, அந்தச் சொல்லை விட்டுவைத்தார்கள். அந்த ஒரு சொல்தான் ராமசுப்பு போட்ட கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டியபோது ராமசுப்பு காது காது என்று கத்தினார். கட்டில் ஆடியது. நல்ல கையால் தாளைப் பிடித்துக் கசக்கினார். வலி ரொம்ப என்று நாங்கள் நாலு சொட்டுக் கூட விட்டோம்.

பத்திரிகை சனிக்கிழமை வந்தது. போனிலும் சுற்றியது. பால்பாண்டியின் மகன் மணிகண்டன், மருமகள் பிரவீணா. அந்தப் பெண் யார் என்றால், ஊரைவிட்டுப் போன கீதாரியின் பேத்தி. தேடிப்போய்ப் பெண் கேட்டு எடுத்தவர் பால்பாண்டி. எதற்கு அங்கே போய் எடுத்தார் என்று ஊருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பிரவீணா போனில் அதை வாசித்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மனுவோடு நின்ற ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மண் லாரி ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் பால்பாண்டி வந்தார். வாசலில் நின்று சத்தம் கொடுக்கவில்லை. நேரே உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். கஞ்சிக் கிண்ணத்தோடு நான் எழுந்தேன்.

“சம்பந்தி. நான் கேக்குறதுக்கு மட்டும் சொல்லு. நீயா சொன்ன?”

ராமசுப்புவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. “காது” என்றார்.

“என்னது?”

“அவுகளுக்குக் காதுல சீழு. அதான் சொல்றாக. சத்தமாக் கேளுங்க” என்றேன் நான். என் வாய்தான் சொன்னது.

பால்பாண்டி குனிந்து காதுக்குப் பக்கத்தில் கேட்டார். “நீ சொன்னயாய்யா? எழுதினவன் எவனா வேணா இருக்கட்டும். மடை விசயம் உன் வாயிலருந்து போகாம அவனுக்கு எப்படித் தெரியும்?”

“காது. காது. காது.”

பால்பாண்டி நிமிர்ந்தார். “ஊருக்குச் சொல்றப்ப வாயி நல்லா இருந்துச்சு. நான் கேக்குறப்ப மட்டும் காது அடைச்சுக்கிருச்சாக்கும்” என்றார். “சரி சம்பந்தி. மருந்து விட்டுக்க.” போய்விட்டார். செருப்பைக்கூட வாசலில் சரியாக மாட்டவில்லை.

அன்று சாயங்காலம் சுபத்ரா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். மருந்துக் குப்பியையும் காட்டி, தீரப்போகிறது, வேறு வாங்க வேண்டும் என்றேன்.

“காதுக்கு என்ன பெரியம்மா? டாக்டர் ஒண்ணும் சொல்லலையே.”

“அவுகதான் வாராவாரம் காது காதுங்கிறாக. பத்திரிகை வாசிக்கிறப்பல்லாம்.”

அவள் கையிலிருந்த டிபன் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“எங்கிட்ட அப்பா ஒரு வார்த்தை பேசினதில்ல. பத்திரிகை வாசிக்கிறப்பவா?”

“ஆமா.”

“பெரியம்மா, எங்க பேச்சுல காதுன்னா இந்தக் காது இல்ல. இதை நாங்க செவிம்போம். காதுன்னா, ‘அது இல்ல, அப்படி இல்ல’ன்னு அர்த்தம்.”

ராமசுப்பு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் முழுக்க அவரை விட்டுப் போய், பிறந்த வீட்டுச் சொல் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்திருக்கிறது. அதை வைத்து வாராவாரம் இல்லை இல்லை என்று சொன்னார். நாங்கள் தலையைச் சாய்த்துப் பிடித்து மருந்து விட்டோம்.

வீட்டுக்கு வந்து ரங்கராஜிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குப் பேனா பிடித்தால் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒரு வரி எழுதுவார், ‘காது’ என்று கேட்கும். அடிப்பார். அடித்தாலும் கேட்கும். பள்ளிக்கூடம் போகிற தன் பிள்ளைக்கு லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தால்கூட அது ராமசுப்பு பேச்சாக வந்தது. வேணி அதைக் கிழித்துவிட்டுத் தானே எழுதினாள்.

அவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான். “அவரு கண்ணு மூடுறதுக்குள்ள பால்பாண்டி ஐயா அவரு வீட்டு வாசல்ல வந்து நிக்கணும் பெரியத்தை. அது நடக்கலன்னா நான் மனுசன் இல்ல.”

முதலில் ஆனந்தகுமாரிடம் போனார். அங்கே நடந்ததை வேணியிடம் அப்படியே ஒப்பித்தார்.

“மறுப்பா? எதுக்கு மறுப்பு? எழுதினதுல என்ன பொய்?”

“ஐயா அதைச் சொல்லல சார். நான் எழுதினது. என் பேருல ஒரு குறிப்புப் போடுங்க.”

“வாசிச்சுக் காட்டினீரா இல்லையா?”

“காட்டினேன். வேண்டாம்னாரு.”

“எப்படிச் சொன்னாரு? அவருக்குத்தான் பேச்சே வராதே.”

“பேச்சே வராதவரு எப்படி சார் வாராவாரம் கடைசிப் பக்கத்துல பேசினாரு?”

ஆனந்தகுமார், “ரங்கராஜ், ராமசுப்புங்கிற பேரு கட்சிக்குச் சொந்தம். அதுல நீரும் இல்ல, அவரும் இல்ல. போயி வேலையப் பாரும்” என்றாராம். ரங்கராஜ் திரும்பி வந்தார். மறுநாளிலிருந்து போகவில்லை.

பிறகு அரைப் பக்கம் ஒரு கடிதம் எழுதினார். அதை எழுத ஒன்பது நாள் ஆனது. ‘பால்பாண்டி அவர்களைப் பற்றிய அந்தப் பேச்சை எழுதியவன் நான். ராமசுப்பு ஐயா மறுத்தார், எனக்குப் புரியவில்லை.’ இவ்வளவுதான் விசயம். அதைக் கொண்டுபோய் எதிர்க்கட்சிப் பத்திரிகையில் கொடுத்தார். வேறு எவர் போடுவார்? போட்டார்கள். முழுப் பக்கம் போட்டார்கள். வேணி சத்தமாக வாசித்தாள். ரங்கராஜை அறையில் பூட்டி எழுத வைத்தார்களாம். ராமசுப்பு கட்சி மாறத் துடிக்கிறாராம். பால்பாண்டி மடையை உடைத்ததே கட்டுக்கதையாம். எல்லாவற்றுக்கும் கீழே ரங்கராஜ் பெயர், படம்.

“இதுல எது நீங்க எழுதினது?” என்று வேணி கேட்டாள்.

நகத்தால் இரண்டு வரியைக் கீறிக் காட்டினார். “இந்த ரெண்டும்.”

“மத்தது?”

“என் பேச்சு மாதிரிகூட இல்லையே” என்றார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் அவரும் நானும் நரிக்குடி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனோம். பால்பாண்டி கண்மாய்க்கரையில் வெள்ளாடுகளோடு நின்றார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். கரைக்கு உள்பக்கம் தோண்டிய பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

ரங்கராஜ் நடந்ததை எல்லாம் சொன்னார். பால்பாண்டி ஆட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பத்திரிகையில அவரு பேரப் போட்டு எழுதினது நீ. இந்தப் பத்திரிகையில உன் பேரப் போட்டு எழுதினது வேற எவனோ. அதுவும் நீ இல்ல, இதுவும் நீ இல்லங்கிற. அப்ப இங்க நிக்கிறது யாருய்யா?”

ரங்கராஜ் என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன். “நீங்க வந்தன்னைக்கு அவுக சொன்ன காது இந்தக் காது இல்ல. அவுக பேச்சுல இல்லைன்னு அர்த்தமாம். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“வார்த்தைய வித்துப் பொழைக்கிறவுக, அர்த்தமும் கையோட கொண்டுவாறீகளா தாயி? போயிட்டு வாங்க. வெயிலாகுது.”

அதற்குப் பிறகு ராமசுப்பு ஒரு மாதம் இருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரங்கராஜ் போய் உட்கார்ந்திருப்பார், கையில் தாள் இருக்காது. ராமசுப்பு அவர் வெறுங்கையைப் பார்ப்பார், பிறகு வாசலைப் பார்ப்பார். காது என்ற சொல்லும் நின்றுவிட்டது. அது வராதது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் சுபத்ரா கூப்பிட்டுப் போனேன். வாசல் பக்கம் முகத்தை வைத்தபடியே போயிருந்தார்.

எங்கள் பக்கம் சாவுக்கு உறவுக்காரர்கள் புதுத் துணி கொண்டுவந்து போர்த்துவார்கள். அதற்குக் கோடி என்று பெயர். கோடி விழ விழ, யார் வீட்டுக் கோடி என்று ஒருவர் சத்தமாகச் சொல்வார். பங்காளி வீடு, மாமன் மச்சினன் வீடு எல்லாம் வந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆகாத வீடு, சம்பந்தி வீட்டுக் கோடி என்று ஒன்று கிடையாது. கட்சிக்காரர்கள் கொடி போர்த்தினார்கள். ஆனந்தகுமார் மாலை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

தண்ணீர் எடுக்கத் தெருமுனைக் குழாய்க்குப் போனேன். டீக்கடைத் தட்டி ஓரத்தில் பால்பாண்டி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு புது வேட்டி.

“எங்க ஊருல ஒரு தெலுங்குக்காரம்மா இருக்கா. நேத்து கேட்டேன்” என்றார். “இல்லைன்னுதான் அர்த்தமாம்.”

“உள்ள வாங்க. இன்னும் எடுக்கல.”

எட்டிப் பார்த்தார். பிணத்தின் தலைமாட்டில் ரங்கராஜ் நின்றார். பால்பாண்டி தலையை ஆட்டினார். “அந்தாளு நிக்கிற எடத்துக்கு எனக்குக் காலு வராது தாயி. நீ கொண்டு போட்டுரு.”

வேட்டியை வாங்கிக்கொண்டு வந்து போர்த்தினேன். “யார் வீட்டுக் கோடிம்மா?” என்று கேட்டார் சொல்கிறவர். சம்பந்தி வீடு என்று சொல்லலாமா, பால்பாண்டி வீடு என்பதா என்று யோசித்துக்கொண்டே துணியின் மடிப்பை நீவினேன். அவர் என்னைப் பார்த்தார், என் பக்கத்தில் நின்ற எங்கள் வீட்டு மாப்பிள்ளை ரங்கராஜைப் பார்த்தார். தானாகவே சத்தம் போட்டுச் சொல்லிவிட்டார்.

“ரங்கராஜ் வீட்டுக் கோடி!”

ரங்கராஜ் பாம்பை மிதித்தவர் போலத் துள்ளினார். “நான் போடல. பெரியத்தை, இது யாருது?”

சொன்னேன்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மனுசன், அத்தனை கூட்டத்துக்கு முன்னால் கத்தினார். “என் பேருல சொல்லாதீக! அது எங்க வீட்டுக் கோடி இல்ல. பால்பாண்டி வீட்டுக் கோடி. மாத்திச் சொல்லுங்க!”

“எழவு வீட்டுல என்னய்யா இது?” என்று யாரோ அதட்டினார்கள். “ஆரு போட்டா என்ன, போத்தியாச்சுல்ல?” என்றார்கள். ரங்கராஜ் விடவில்லை. கோடி சொல்கிறவர் கடைசியில் அலுத்துப்போய், “பால்பாண்டி வீட்டுக் கோடி” என்று மாற்றிச் சொன்னார். குரல் முதல் தடவை மாதிரி உரக்க இல்லை. ரங்கராஜ் தெருமுனைக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். டீக்கடையில் கேட்டதற்கு, பெரியவர் அப்போதே பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்தப் பெயர் காதில் விழுந்த பிறகு போனார் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

பிரவீணா அடுத்த தை மாதம் புருசன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள் என்று கேள்வி. மாமனாரோடு பேச்சில்லை. சுபத்ரா அதே பட்டறைக்குத்தான் போகிறாள். ‘வெற்றிச் சங்கு’ கடைசிப் பக்கத்தில் ‘சந்தைமேட்டுப் பேச்சு’ இன்னும் வருகிறது. ராமசுப்பு படம் மேலே, பெயர் கீழே. எழுதுவது யாரென்று எங்களுக்குத் தெரியாது. வேணி அந்தத் தாளை வீட்டுக்குள் விடுவதில்லை.

ரங்கராஜ் பத்திரிகைப் பக்கம் போவதில்லை. பந்தல்குடி போகிற ரோட்டில் ஒரு உரக்கடையில் வேலைக்கு இருக்கிறார். காலையில் எட்டு மணி பஸ்ஸுக்குப் போகிறார், ஆறரைக்கு வருகிறார்.